டிஷ் பாக்ஸிலிருந்து 5.1 வரவில்லை, ஆம்ப்ளிஃபயர் பிசிஎம் என்றே காட்டுகிறது

பொன்னி:

வணக்கம். எங்கள் வீட்டில் டிஷ் எச்டி பாக்ஸும் கொஞ்சம் பழைய 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஆழ்ந்த ஒலிக்கு ஒன்று) ஆம்ப்ளிஃபயரும் இருக்கின்றன. ஆம்ப்பில் எச்டிஎம்ஐ கிடையாது. பின்பக்கம் டிஜிட்டல் ஒலி உள்ளே வர ஆப்டிகல் (ஒளிக் கேபிள்) ஒன்று, கோஆக்சியல் (செம்புக் கேபிள்) ஒன்று, அவ்வளவுதான். இப்போது பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்குப் போகிறது, டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஆம்ப்புக்கு ஒலி வருகிறது.

சினிமா சேனலில் படம் தொடங்கும்போது டால்பி டிஜிட்டல் 5.1 என்று திரை ஓரத்தில் போடுகிறார்கள். பாக்ஸ் மெனுவில் டிஜிட்டல் ஆடியோ என்ற இடத்தில் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி), டால்பி டிஜிட்டல், ஆட்டோ என மூன்று தேர்வுகள் இருக்கின்றன. டால்பியில்தான் வைத்திருக்கிறேன். அப்படியும் ஆம்ப்பின் திரையில் பிசிஎம் 48 என்றுதான் வருகிறது. ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வரத்தான் செய்கிறது, ஆனால் பக்கத்தில் புரோலாஜிக் விளக்கு எரிகிறது. அதாவது ஸ்டீரியோவை ஆம்ப் தானே பிரித்துக் கொடுக்கிறது என்று நினைக்கிறேன். கோஆக்சியலில் இருக்கும் டிவிடி பிளேயரைப் போட்டால் அதே திரையில் டால்பி டி 3/2.1, அதாவது 5.1, என்று சரியாக வருகிறது. ஆகவே ஆம்ப்பில் கோளாறு இல்லை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. டிவிடியில் சென்டர் ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபெல் ஏற்றினால் வசனம் தனியாக எழுந்து வருகிறது, அவர் சத்தத்தைக் கூட்டச் சொல்வதே இல்லை. டிவி சேனலில் அதையே செய்தால் வசனத்தோடு பின்னணி இசையும் சேர்ந்து ஏறிவிடுகிறது. நிஜமான 5.1 வந்தால் இது தீரும் என்பது என் நம்பிக்கை. எங்கே பார்ப்பது என்று சொல்லுங்கள்.

சரவணா:

முதலில் ஆப்டிகல் கேபிளைப் பாருங்கள் சகோ. புதுக் கேபிளின் இரு முனையிலும் சின்னதாகத் தெளிவான பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றாமலேயே சொருகிவிடுகிறவர்கள் நிறைய. கேபிளைக் கூர்மையாக மடித்து டிவிக்குப் பின்னால் அழுத்தி வைத்திருந்தாலும் ஒளி தடைபடும். ஒரு முனையைக் கழற்றிப் பார்த்தால் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். சரியாக இல்லை என்றால் வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள்.

தேவா:

பொன்னி, கேள்வியிலேயே பாதி வேலையை முடித்துவிட்டீர்கள். ஆம்ப் திரையில் எழுதியிருப்பதைப் படித்ததும், புரோலாஜிக் விளக்கைக் கவனித்ததும்தான் இதில் முக்கியம். ஸ்பீக்கர் எத்தனை சத்தம் போடுகிறது என்பதை வைத்து 5.1 வருகிறது என்று முடிவுக்கு வந்துவிட்டால் அப்புறம் எதையுமே கண்டுபிடிக்க முடியாது. ஆம்ப்புக்கு உள்ளே என்ன வந்தது என்பதற்குச் சாட்சி அந்தத் திரை ஒன்றுதான்.

சரவணா சொன்னது நல்ல யோசனை, ஆனால் இந்த வீட்டில் கேபிள் குற்றவாளி இல்லை. பிசிஎம் 48 விட்டுவிட்டு வராமல் சுத்தமாக வருகிறது என்றால் ஒளிப்பாதை நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நொடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது இரண்டு தடம்: மொத்தம் 1.536 மெகாபிட். டால்பி டிஜிட்டல் 5.1 ஆறு தடத்தையும் சுருக்கி, அதிகபட்சமாக 640 கிலோபிட்டுக்குள் அடக்கிவிடுகிறது. டிவிடியில் 448 தான் உச்சம். பிசிஎம் போகிற அதே வழியில், அதே இடத்துக்குள் டால்பி தாராளமாகப் போகும். ஸ்டீரியோவைச் சுத்தமாகக் கடத்தும் கேபிள் டால்பியையும் கடத்தும். ஆறு தடத்தையும் சுருக்காமல் பிசிஎம்மாகவே அனுப்ப 4.6 மெகாபிட் வேண்டும், அதற்கு இந்த வழியில் இடமில்லை. எனவே ஆப்டிகலில் 5.1 என்றாலே அது சுருக்கிய வடிவில்தான் வந்தாக வேண்டும். எங்கோ ஓர் இடத்தில் அந்தச் சுருக்கத்தைப் பிரித்து ஸ்டீரியோ ஆக்கிவிடுகிறார்கள். அது எங்கே என்பதுதான் கேள்வி.

என் சந்தேகம் முழுக்க நடுவில் நிற்கும் டிவி மேல்தான். இரண்டு வழியில் அது கெடுக்கலாம்.

எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகியதும் டிவி தன்னைப் பற்றிய ஒரு குறிப்பைப் பாக்ஸுக்கு அனுப்பும். எந்த அளவு படம் ஏற்பேன், எந்த வகை ஒலி ஏற்பேன் என்ற விவரம் அதில் இருக்கும். ஈடிஐடி என்பார்கள். பல டிவிகள் அதில் எனக்கு இரண்டு தடப் பிசிஎம் போதும் என்று மட்டுமே சொல்லும், ஏனென்றால் அவற்றின் சொந்த ஸ்பீக்கர் இரண்டுதான். பின்னால் ஆப்டிகலில் ஓர் ஆம்ப் காத்திருப்பது அந்தக் குறிப்பில் வராது. குறிப்பைப் படித்த பாக்ஸ், மெனுவில் நீங்கள் டால்பி என்று வைத்திருந்தாலும், கிளம்பும்போதே ஸ்டீரியோவாக மாற்றி அனுப்பிவிடலாம்.

இன்னொரு வழி, பாக்ஸ் ஒழுங்காக டால்பியை அனுப்பியும் டிவி அதைப் பிரித்து ஆப்டிகலில் பிசிஎம் ஆக்கி விடுவது. டிவியின் சொந்த ட்யூனரில் வரும் சேனலுக்கு மட்டும் ஆப்டிகலில் டால்பியை விட்டுவிட்டு, எச்டிஎம்ஐ வழி வருவதை ஸ்டீரியோவாகக் குறைக்கும் டிவிகள் நிறைய உண்டு. டிவி மெனுவில் டிஜிட்டல் ஆடியோ அவுட் என்று ஒன்று இருந்தால் அது பிசிஎம்மில் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்த்ரூ, பிட்ஸ்ட்ரீம் (இரண்டுமே பிரிக்காமல் அப்படியே அனுப்புவது), ஆட்டோ என்று எது இருந்தாலும் மாற்றிப் பாருங்கள்.

ஆனால் அதில் நேரத்தைச் செலவழிப்பதற்கு முன் பாக்ஸின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஆப்டிகல் ஓட்டை இருக்கிறதா? சின்னச் சதுரம், சில பாக்ஸில் மேலே குட்டிக் கதவு இருக்கும். இருந்தால் ஆப்டிகலை டிவியிலிருந்து எடுத்து நேராகப் பாக்ஸில் சொருகிவிடுங்கள். எச்டிஎம்ஐ டிவிக்குப் படத்துக்காக மட்டும் இருக்கட்டும், டிவி ஒலியை மியூட்டில் வையுங்கள். நடுவிலிருக்கிறவரை எடுத்துவிட்டால் அவர் குறுக்கிடுகிறாரா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

மாற்றிய பிறகு இன்னொரு சோதனை. பாக்ஸ் ரிமோட்டில் வால்யூமை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பொதுவாக டால்பி பிரிக்கப்படாமல் அப்படியே வெளியே போகும்போது பாக்ஸின் வால்யூம் ஆம்ப்பைத் தொடாது. பாக்ஸ் ரிமோட்டுக்கு ஒலி கூடிக் குறைந்தால் பாக்ஸ் உள்ளேயே பிரித்துப் பிசிஎம் ஆக்கிவிட்டது என்று அர்த்தம். ஆம்ப் திரை தெளிவாக எதையும் சொல்லாத வீடுகளில் எனக்கு இந்தச் சோதனைதான் கைகொடுத்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆம்ப்பில் இன்புட் மோடு ஆட்டோவில் இருக்கட்டும். பிசிஎம் மட்டும் என்று கட்டாயப்படுத்தி வைத்திருக்கும் நேரத்தில் டால்பி வந்தால், சில ஆம்ப்கள் அந்த எண்களை ஒலி என்றே எடுத்துக்கொண்டு பெரும் இரைச்சலாகக் கொட்டும். ஸ்பீக்கருக்கும் ஆகாது, உங்கள் அப்பாவின் காதுக்கும் ஆகாது.

பொன்னி:

நன்றி தேவா சார். பாக்ஸில் ஆப்டிகல் இருக்கிறது! தூசி படிந்த கதவு மாதிரி இருந்ததால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. நேராக இணைத்ததும் சினிமா சேனலில் ஆம்ப் ஒரு நொடி மௌனமாகி, டால்பி டி 3/2.1 என்று காட்டியது. புரோலாஜிக் விளக்கு தானாக அணைந்துவிட்டது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக இடது, சென்டர், வலது, பின்னால் இரண்டு, கீழே எல்எஃப்இ (ஆழ்ந்த ஒலி) என ஆறும் ஒளிர்ந்தன. பாக்ஸ் வால்யூமை அழுத்தினால் ஒலி அசையவே இல்லை.

ஆனால் எல்லாச் சேனலும் ஒன்றுபோல் இல்லை. ஒரு சேனலில் டால்பி டி 2/0 என்று வருகிறது, ஸ்பீக்கர் கட்டம் இரண்டுதான் ஒளிர்கிறது. இன்னொரு சேனல் முதலில் பிசிஎம் காட்டியது. ரிமோட்டில் ஆடியோ பொத்தானை அழுத்தியதும் ஆடியோ 1, ஆடியோ 2 என்று ஒரு பட்டியல் வந்தது. இரண்டாவதைத் தேர்ந்ததும் டால்பிக்கு மாறிவிட்டது. விளையாட்டு சேனலில் மட்டும் என்ன செய்தாலும் பிசிஎம்தான். அங்கே பட்டியலில் ஒரே ஒரு ஆடியோ, பக்கத்தில் டிடி பிளஸ் என்று எழுதியிருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். விளம்பரம் வரும்போதும் போகும்போதும் ஆம்ப்பில் டிக் என்று ஒரு சத்தம், அரை நொடி மௌனம். அப்புறம் டால்பிக்கு மாறியதும் மொத்த ஒலியும் குறைந்த மாதிரி இருக்கிறது. அப்பா உடனே ரிமோட்டைத் தேடுகிறார். இது ஏதாவது கோளாறா?

இளவேனில்:

இவ்வளவு சிரமம் எதற்கு? ஈஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே வெளியே அனுப்பும் வசதி) உள்ள சவுண்ட்பார் ஒன்றை டிவியில் மாட்டிவிட்டால் எல்லா வடிவமும் ஒரே கேபிளில் வந்துவிடும். ஆப்டிகல் காலம் முடிந்துவிட்டது. டாஸ்லிங்க் என்கிற அந்த ஆப்டிகல் 1983இல் வந்த இணைப்பு, அதை வைத்து இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது?

தேவா:

இளவேனில், ஈஏஆர்சி நல்ல வசதிதான், நான் மறுக்கவில்லை. 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்த அதன் முந்தைய வடிவமான ஏஆர்சி கிட்டத்தட்ட ஆப்டிகல் அளவுக்கான குழாய். 2017இல் 2.1 உடன் வந்த ஈஏஆர்சி 37 மெகாபிட் வரை கடத்தும், சுருக்காத பல தட ஒலிக்கும் இடம் இருக்கிறது. ஆனால் பாக்ஸ் ஸ்டீரியோவாகக் குறைத்து அனுப்பிவிட்டால் ஈஏஆர்சி அந்த ஸ்டீரியோவைத்தான் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வேலை செய்கிற ஆம்ப்பையும் தனிச் சென்டர் ஸ்பீக்கரையும் எடுத்துவிட்டு ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் திணிப்பது, வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்கிற ஒரு வீட்டுக்கு நான் சொல்லக்கூடிய தீர்வு இல்லை.

பொன்னி, 2/0 கோளாறு இல்லை. டால்பி டிஜிட்டல் என்பது பொட்டலத்தின் பெயர். உள்ளே ஒரு தடம் இருக்கலாம், இரண்டு இருக்கலாம், ஆறும் இருக்கலாம். 3/2.1 என்றால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, ஆழ்ந்த ஒலிக்கு ஒன்று. 2/0 என்றால் அந்த நிகழ்ச்சியே ஸ்டீரியோ. அங்கே புரோலாஜிக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம், வசனம் ஓரளவு நடுவுக்கு வரும். ஆனால் இரு பக்கமும் சமமாக வரும் எதையும் அது நடுவுக்கு இழுக்கும். பாடகரின் குரல், இசையின் நடுப்பகுதி எல்லாம் அதில் சேரும். நீங்கள் சென்டரை ஏற்றினபோது இசையும் ஏறியது அதனால்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சில சேனல்கள் எப்போதும் 3/2.1 என்றே அனுப்பும், பழைய படம் ஓடும்போது பின் ஸ்பீக்கரில் ஒன்றுமே இருக்காது. கட்டம் ஆறும் ஒளிரும், ஆனால் பின் ஸ்பீக்கரில் காதை வைத்தால் அமைதி. அதற்காக ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிச் சோதிக்க வேண்டாம். ஆம்ப்பின் டெஸ்ட் டோன் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வந்தால் போதும், ஒயர் சரி.

டிக் சத்தமும் அரை நொடி மௌனமும் வடிவம் மாறுவதால். படம் 3/2.1, விளம்பரம் 2/0 அல்லது வேறு தடம் என்று போகும்போது ஆம்ப் ஒலியை மூடி, வந்தது என்ன என்று அடையாளம் கண்டு, மறுபடி திறக்கிறது. டிக் என்பது உள்ளே ரிலே மாறும் சத்தம். அதைத் தடுக்க முடியாது, ஆம்ப்புக்குக் கெடுதலும் இல்லை. படம் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒலி விட்டால் மட்டும் கவலைப்படுங்கள். அப்போது படமும் கட்டம் கட்டமாக உடைந்தால் டிஷ் சிக்னல் பலவீனம், திசை, டிஷ்ஷின் முனையிலுள்ள எல்என்பி என்று அந்தப் பக்கம் போக வேண்டும். படம் சுத்தமாக இருந்து ஒலி மட்டும் விட்டால் சரவணா சொன்ன கேபிள் சோதனைக்கு அதுதான் நேரம்.

ஒலி குறைவு பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகம், ஏனென்றால் இதைக் கோளாறு என்று நினைத்து பலர் மீண்டும் பிசிஎம்முக்கே போய்விடுகிறார்கள். டால்பி டிஜிட்டலில் ஒவ்வொரு ஒலித்தடத்தோடும் வசனத்தின் சராசரி உரப்பு எவ்வளவு என்ற எண் ஒன்று கூடவே வரும். டயல்நார்ம் என்று பெயர், மைனஸ் 1 முதல் மைனஸ் 31 வரை. மைனஸ் 31 என்று வந்தால் டிகோடர் எதையும் குறைக்காது. மைனஸ் 27 என்றால் 4 டெசிபெல் குறைக்கும், மைனஸ் 24 என்றால் 7. சேனலுக்குச் சேனல், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வசனம் ஒரே அளவில் கேட்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. சாதாரண ஸ்டீரியோ தடத்தில் இது கிடையாது, அதனால் அது உரக்கக் கேட்கும். குறைந்ததை ஆம்ப் வால்யூமில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஒலியின் தரத்தில் எதுவும் போய்விடாது.

அப்பாவுக்காக இன்னொன்று. ஆம்ப்பில் நைட் மோடு, மிட்நைட், டிஆர்சி என்று ஏதாவது பெயரில் ஒரு வசதி இருக்கும். வெடிச் சத்தத்தை அடக்கி மெல்லிய வசனத்தைத் தூக்கிக் கொடுக்கும். டால்பி தடத்திலேயே அதற்கான குறிப்பு வருகிறது என்பதால் இது டால்பியில்தான் ஒழுங்காக வேலை செய்யும். சென்டரில் 3 டெசிபெல், கூடவே டிஆர்சி நடுத்தரம். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். சென்டர் ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே தாழ்ந்து இருந்தால் முன்பக்கத்தைச் சற்றே தூக்கி அவர் உட்காரும் இடத்தைப் பார்க்குமாறு வையுங்கள். எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசைகள் நேர்க்கோட்டில்தான் நன்றாக வந்து சேரும்.

இனி விளையாட்டு சேனல். டால்பி டிஜிட்டல் பிளஸ் வேறு வடிவம், ஆப்டிகலில் போகாது. உங்கள் ஆம்ப்புக்கும் அது தெரியாது. பாக்ஸ் அதைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றித் தர வேண்டும். அப்படிச் செய்யும்போது வழக்கமாக 640 கிலோபிட்டில் வரும், 5.1 அப்படியே இருக்கும். மாற்றத் தெரியாத பாக்ஸ் ஸ்டீரியோ பிசிஎம்மாகக் குறைத்துவிடும். மெனுவில் எச்டிஎம்ஐக்கு ஒரு வரி, எஸ்பிடிஐஎஃப் அல்லது ஆப்டிகலுக்குத் தனியாக ஒரு வரி என்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சில பாக்ஸில் அது ஒலி மெனுவில் இல்லாமல் மேம்பட்ட அமைப்புகளுக்குள் இருக்கும்.

பொன்னி:

கிடைத்தது சார்! மேம்பட்ட அமைப்புகளில் எஸ்பிடிஐஎஃப் என்று தனி வரி. பிசிஎம், பாஸ்த்ரூ, டால்பி டிஜிட்டலாக மாற்று என மூன்று. பாஸ்த்ரூவில் இருந்ததை மூன்றாவதற்கு மாற்றியதும் விளையாட்டு சேனலும் 3/2.1 ஆகிவிட்டது. கூட்டத்தின் ஆரவாரம் பின்னால் போய்விட்டது, வர்ணனையாளர் குரல் மட்டும் சென்டரில் நிற்கிறது. டிஆர்சி நடுத்தரம், சென்டர் கூட்டல் 3. அப்பா வர்ணனையைக் கேட்டு எனக்கு ஸ்கோர் சொல்கிறார்.

கடைசியாக ஒன்று. இப்போது உதட்டசைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே குரல் வந்துவிடுகிறது. டிவி வழியாக வந்தபோது இப்படி இல்லை.

தேவா:

அதுதான் நேராக இணைத்ததன் விளைவு. டிவி படத்தைச் செம்மைப்படுத்த நேரம் எடுத்துக்கொள்கிறது. முன்பு ஒலியும் டிவிக்குள் போய் வந்ததால் இரண்டையும் அது சேர்த்தே தாமதப்படுத்தியது. இப்போது ஒலி மட்டும் குறுக்கு வழியில் முந்தி வந்துவிடுகிறது. ஆம்ப் மெனுவில் ஆடியோ டிலே அல்லது லிப் சிங்க் என்று இருக்கும், மில்லி நொடிக் கணக்கில். செய்தி வாசிப்பவரின் முகம் அருகில் தெரியும் காட்சியை வைத்துக்கொண்டு, ப, ம வரும் சொற்களில் உதடு மூடும் கணத்தைப் பார்த்துப் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். ஆம்ப்பில் அந்த வசதி இல்லை என்றால் டிவியில் அந்த எச்டிஎம்ஐ வாயிலுக்கு கேம் மோடு போடுங்கள், படத்தின் தாமதம் பெருமளவு குறையும். அதில் வண்ணம் சற்று மாறலாம், சரிசெய்துகொள்ளலாம்.

பாக்ஸுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் அந்த எஸ்பிடிஐஎஃப் வரியை ஒருமுறை திறந்து பாருங்கள். சில பாக்ஸ்கள் புதுப்பித்ததும் அதைப் பழையபடி மாற்றிவிடும்.